பந்தியில் உட்கார்ந்த வெயில்

பழிவாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் எதை வாங்குவார்களோ எனக்குத் தெரியாது. நான் தேங்காய் வாங்கினேன். மே மாதத்து வெயில் கிங்ஸ் சர்க்கிளைத் திருப்பித் திருப்பிப் போட்டு வாட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், மும்பை மாட்டுங்காவில் கடைகடையாக ஏறி இறங்கி, காதருகே ஆட்டிப் பார்த்து, முற்றிய காயாகப் பொறுக்கினேன். சொதிக்குத் தேங்காய்ப் பால் நிறைய வேண்டும். இஞ்சி வாங்கினேன். வாழை இலை வாங்கினேன்.

"என்னக்கா, வீட்ல விசேஷமா?" என்றார் இலைக்காரர்.

"ஆமா, ஒருத்தருக்கு விருந்து."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டும் ஒரே சிரிப்பு இல்லை.

விருந்து யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் செக்ரட்டரிக்கு. செம்பூரில் அந்தப் பழைய கட்டடத்தின் மேல் மாடி எங்களுடையது. எங்களுக்கு மேலே டெரஸ், டெரஸுக்கு மேலே சூரியன், நடுவில் வேறு ஆள் கிடையாது. எங்களுக்கு நேர் கீழே செக்ரட்டரி. பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் பிறப்பு, ஒரு கெமிக்கல் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் பர்ச்சேஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை. அதைவிட விறைப்பான பேச்சு. அவர் படிக்கட்டில் நின்று பேசினால், தமிழ் தெரியாத வாட்ச்மேன்கூட நின்று கேட்டுவிட்டுத் தலையாட்டுவான்.

நான் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரி. பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். மாலையில், கவிதை என்று சொன்னால் கவிஞர்களும் கதை என்று சொன்னால் கதைக்காரர்களும் ஒத்துக்கொள்ளாத எதையோ எழுதிக்கொண்டிருப்பேன். வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா தன் வேலைக்காலம் முழுக்க சயானில் ரயிலேறி, அம்பர்நாத்தில் ஒரு ஃபேக்டரியின் பாய்லருக்குக் கரி தள்ளிவிட்டு, கறுத்துப் போய்த் திரும்பி வந்தவர். அந்தக் கரியின் மிச்சம் இன்றைக்கும் அவர் நெஞ்சில் இருக்கிறது. மூச்சு இழுக்கும். அறையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளாவிட்டால் கோடையைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் சொன்னபிறகுதான் அவர் அறைக்கு மட்டும் ஒரு சின்ன ஏசி வாங்கினேன். இவ்வளவும் தெரிந்துகொண்டால் போதும். மற்றதெல்லாம் அந்த ஏசியைப் பற்றியதுதான்.

மாட்டுங்காவில் எங்களுக்கு ஒரு சிறிய தமிழ் மன்றம் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை ஹாலை வாடகைக்குப் பிடித்துப் பட்டிமன்றம் வைப்பார்கள். கணவனா மனைவியா, பணமா பாசமா என்று காலத்தை ஓட்டிவிட்டு, இந்த முறை, மார்ச் கடைசியில், யாருக்கோ புதுமை தலைக்கேறி, 'புவி சூடாவது மனிதனின் வினையா, இயற்கையின் விளையாட்டா?' என்று தலைப்பு வைத்தார்கள். நான் மனிதன் அணிக்குத் தலைவி. செக்ரட்டரி இயற்கை அணிக்குத் தலைவர்.

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியது. காய்ச்சலில் கொதிக்கிறவனின் தலைமாட்டில் நின்றுகொண்டு, காய்ச்சல் உண்டா இல்லையா என்று ஆளுக்கொரு பக்கம் கைதட்டலுக்குப் பேசுவதா? ஆனாலும் போனேன். மைக் என்றால் எனக்கும் ஆசை உண்டு.

படித்துக்கொண்டு போனேன். சூரியன் கூடிவிடவில்லை, நாம் எரித்த கரியும் எண்ணெயும்தான் புகையாகிப் பூமிக்கு மேல் கம்பளியாகப் படுத்திருக்கிறது என்றேன். கடலைச் சொன்னேன். பனியைச் சொன்னேன். ஏசி ஹாலில் ஜனங்கள் மொபைலைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பிறகு அவர் எழுந்தார்.

"நடுவர் அவர்களே! நான் பொறந்தப்பவே பம்பாய்ல அக்டோபர் ஹீட்டுன்னு ஒண்ணு இருந்தது. அதை எந்த ஃபேக்டரி பார்சல் பண்ணி அனுப்பித்து?"

கைதட்டல்.

"பூமி அப்பப்போ கொதிக்கும், அப்பப்போ ஆறும். எங்காத்து காஸ் அடுப்பு மாதிரி திருகினா அணையறது இல்லை. எங்காத்து மாமி மாதிரி. அதுவா ஆறினாத்தான் உண்டு!"

சிரிப்பு. மாமி முன்வரிசையில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"எதிரணித் தலைவி சொல்றா, மனுஷன்தான் காரணம்னு. எந்த மனுஷன்? எனக்கு அட்ரஸ் வேணும்!" மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தார். "தேடிண்டு எங்கேயும் போக வேண்டாம். இதோ, முன்வரிசையிலேயே உக்காந்திருக்கார் அவா அப்பா. அம்பர்நாத்ல ஆயுசு பூரா பாய்லருக்குக் கரி போட்டவர். உலகத்தையே சூடாக்கின ஆசாமியைத் தன்னோட ஆத்துலேயே வெச்சுண்டு, நம்மளைப் போய்ச் சந்தேகப்படறாளே, இது அடுக்குமா?"

ஹால் வெடித்தது. பின்னாலிருந்து ஒரு விசில். அப்பாவும் சிரித்தார். நாலு பேர் நடுவில் தன்னைக் காட்டிச் சிரித்தால் தானும் சேர்ந்து சிரித்துவிடுவதுதானே பழக்கம். சிரித்துவிட்டு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எல்லா முகமும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கைத்தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஹாலின் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

என் நேரம் முடிந்துவிட்டிருந்தது. மைக் அவர் கையில் இருந்தது.

நடுவர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "மனிதன் அணி என்னை யோசிக்க வைத்தது. இயற்கை அணி என்னைச் சிரிக்க வைத்தது. வயதானவனுக்கு யோசனையைவிடச் சிரிப்புதான் ஜீரணமாகிறது. ஆகவே, இயற்கையின் விளையாட்டே!"

பட்டிமன்றத் தீர்ப்பு என்றால் வீட்டுக்குப் போகிற வழியில் மறந்துவிடுகிற பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் வேறு மாதிரி. மறுநாளே கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் செக்ரட்டரிக்கு வாழ்த்து குவிந்தது. படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒருவர், "என்ன மேடம், குளோபல் வார்மிங் வழக்கு பைசல் ஆகிவிட்டதே, இயற்கைதானாமே" என்றார். விளையாட்டாக இல்லை, நிஜமாகவே ஒரு பெரிய வழக்கு தீர்ந்துபோன நிம்மதியோடு. இனி அவர் நிம்மதியாகக் காரில் காய்கறி வாங்கப் போகலாம்.

அந்த வாரம் ஒரு நாள் ஆபீஸ் முடிந்து வந்தால், அப்பாவின் அறை அடுப்பாகக் கிடந்தது. பனியன் முதுகில் ஒட்டியிருந்தது. வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"யப்பா, ஏன் ஏசி போடாம இருக்கிய? கரண்ட் இல்லையா?"

"கரண்டெல்லாம் இருக்கு. நாந்தான் வேண்டாம்னு அணைச்சு வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"ஏட்டி, நீதான மேடையில சொன்ன, கரி எரிச்சதுலதான் இவ்வளவு சூடும்னு. பொறவு அவரு சொன்னாரு, கரி போட்டவன் இந்தா இருக்காம்னு. ரெண்டையும் சேத்துப் பாத்தேன். பொருந்தத்தான செய்யுது?"

"அவரு கேலி பண்ணுனாருப்பா."

"கேலின்னாலும் பொய்யா சொன்னாரு? நான் தள்ளுன கரி கொஞ்சநஞ்சமா? இப்ப இந்த மெசினு வேற. உள்ள கெடக்க சூட்டை வாரி வெளிய கொட்டுது. வெளிய எவன் நிக்கானோ. போதும்ட்டி, செஞ்சது வரைக்கும் போதும்."

"நடுவரே இயற்கைன்னுதான சொன்னாரு?" என்றேன், வெட்கத்தை விட்டு.

"அது பட்டிமன்றம்லா. கைதட்டுக்குச் சொன்னது. நெசம் நீ சொன்னதுதான். நீ வாசிச்சிட்டுல்லா சொன்ன."

ஊரில் ஒருவர்கூட என் பேச்சை நம்பவில்லை. நம்பிய ஒரே ஒருவர் மூச்சுத் திணறிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு பொய் போதும். 'நான் சொன்னது தப்புப்பா, எல்லாம் இயற்கை' என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது செக்ரட்டரியின் பொய். அதை என் வாயால், என் வீட்டுக்குள், என் அப்பாவுக்கே சொல்ல வேண்டுமா? என்னுடைய உண்மையை எடுத்து என் அப்பாவின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டுவிட்டு, கீழ் வீட்டில் அவர் குளிர்ச்சியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் ஏசியைப் போடுவேன். அப்பா எழுந்து அணைப்பார். கடைசியில் ரிமோட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். டாக்டர் போனில் என்னைத் திட்டினார். ஏப்ரல் முழுக்க அந்த இழுப்புச் சத்தம் சுவர் தாண்டி என் அறைக்கு வந்துகொண்டிருந்தது, ஈரமில்லாத மரத்தை யாரோ நிறுத்தி நிறுத்தி அறுப்பது போல.

கீழே இறங்கிப் போனேன். செக்ரட்டரி வீட்டு ஹாலில் நுழைந்ததும் வேர்வை கழுத்திலேயே உறைந்தது. அவ்வளவு குளிர்.

"சார், அப்பா அதை மனசுல வெச்சுக்கிட்டு ஏசியே போட மாட்டேங்கிறார். மூச்சு விடக் கஷ்டப்படுறார். நீங்க ஒரு தடவை மேலே வந்து, சும்மா சொன்னேன்னு சொல்லிடுங்க, போதும்."

"அரே பாபா! பட்டிமன்றத்துல பேசறதையெல்லாம் யாராவது சீரியஸா எடுத்துப்பாளா? சோடோ, விடுங்கோ. அப்படி நான் வந்து ஸாரி சொன்னா என்ன அர்த்தம்? நான் தோத்துட்டேன்னு ஆயிடும். ஜெயிச்சவன் எங்கேயாவது ஸாரி சொல்லிப் பார்த்திருக்கேளா?" சோபாவில் சாய்ந்துகொண்டார். "ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். உங்க ஏசித் தண்ணி எங்க கேலரியில, பால்கனித் துணி மேலெல்லாம், சொட்டிண்டே இருந்ததே, இப்போ நின்னுடுத்து. ரொம்ப தேங்க்ஸ்."

மாமி உள்ளேயிருந்து காபித் தம்ளரோடு வந்தவர், அதைக் கேட்டு அப்படியே நின்றார். நான் காபி குடிக்காமல் மாடி ஏறினேன். ஏறும்போது என் கால் ஒவ்வொரு படியையும் மிதித்த மிதி எனக்கே கேட்டது. தேங்க்ஸ் என்றாரே. என் அப்பாவின் மூச்சு நின்றுகொண்டிருப்பதற்குத் தேங்க்ஸ் என்றாரே.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோற்ற அணியின் தலைவர், ஜெயித்த அணிக்கும் நடுவருக்கும் விருந்து போட வேண்டும். அடுத்து வரும் கூட்டத்தில், ஜெயித்த தலைவர் மைக்கைப் பிடித்து விருந்துக்கு நன்றி சொல்ல வேண்டும். வழக்கமாகக் கிங்ஸ் சர்க்கிளில் ஏதாவது ஓட்டலின் ஏசி அறையில் தோசையோடு முடித்துவிடுவார்கள். நான் நடுவருக்குப் போன் செய்தேன்.

"ஐயா, ஓட்டல் வேண்டாம். எங்க வீட்லயே வைக்கிறேன். திருநெல்வேலிச் சொதி. இஞ்சிப் பச்சடி. தரையில பாய் விரிச்சு, தலைவாழை இலை."

"தரையில் பந்தியா? பேஷ், பேஷ்! எத்தனை காலமாகிவிட்டது அம்மா. செக்ரட்டரியிடம் நானே சொல்லிவிடுகிறேன். வராவிட்டால் தீர்ப்பை மாற்றிவிடுவேன் என்று!"

மே மாதம், ஞாயிறு, உச்சிவேளை. நேரத்தை நான்தான் குறித்தேன். எங்கள் வீட்டுக் கூரை காலை முழுவதும் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். மதியத்தில் குடித்ததைக் கக்க ஆரம்பிக்கும். இன்னொன்றும் எனக்குத் தெரியும். நடுவர் ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி, பார்த்து, பேசி, பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோவார். பந்தியில் மூத்தவர் எழாமல் வேறு யாரும் எழக்கூடாது. இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் உயிரை விட்டாலும் விடுவார்கள், இலையை விட்டுப் பாதியில் எழ மாட்டார்கள்.

வந்தார்கள். நடுவர், செக்ரட்டரி, மாமி, இயற்கை அணியில் பேசிய இரண்டு பேர். கஞ்சிச் சட்டை படிக்கட்டிலேயே பாதி கசங்கியிருந்தது. ஹாலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அப்பாவால் தரையில் உட்கார முடியாது. தன் அறை வாசலில் நாற்காலி போட்டு, ஸ்டூலில் இலை வைத்து, எல்லோரையும் பார்த்தபடி உட்கார்ந்தார்.

ஃபேனை நான் நிறுத்தவில்லை. யாரும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. கூரையில் தேங்கியிருந்த சூட்டை வாரி வாரி அவர்கள் தலையில் கொட்டியது. நான் அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்கச் சொதியை எடுத்து வந்து ஊற்றினேன்.

"ஆஹா," என்றார் நடுவர், கண்ணை மூடி. "தேங்காய்ப் பாலா இது, தேவர்கள் பாலா?" ஒரு உருளைக்கிழங்குத் துண்டை விரலால் இப்படியும் அப்படியும் புரட்டினார். "இந்தச் சொதி இருக்கிறதே…" என்று தொடங்கி, தான் மதுரையில் சாப்பிட்ட ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

செக்ரட்டரியின் நெற்றியில் முதல் துளி தோன்றியது. மூக்கு வரை இறங்கி, நின்று, இலையில் விழுந்தது. பிறகு அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டி, உள்ளே பனியனின் கோடு தெரிந்தது. அணிக்காரர்களில் ஒருவர், "க்யா கர்மி ஹை" என்று இந்தியில் சூட்டை நொந்து முணுமுணுத்தார்.

"சார், இன்னும் கொஞ்சம் சூடா ஊத்தட்டுமா?" என்றேன்.

"போதும்மா, போதும்." கழுத்தை நிமிர்த்திச் சுவர்களைப் பார்த்தார். "ஏசி ஏதும் இல்லையா ஆத்துல?"

"இருக்கே சார். அப்பா ரூம்ல. போட்டா ஹாலுக்கும் காத்து வரும். ரிமோட் அப்பாகிட்ட இருக்கு. நீங்களே கேளுங்க."

அவர் திரும்பினார். அப்பா இலையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் ஏசியைப் போடுங்களேன்."

"போடலாம் சார். போடுததுல ஒண்ணுமில்ல." அப்பாவின் குரலில் குத்தல் இல்லை. அதுதான் குத்தியது. "ஆனா, உலகத்தைச் சூடாக்குன ஆளு நாந்தான்னு நீங்கதான சொன்னிய? செஞ்சது போதாதா, இன்னுமா செய்யச் சொல்லுதிய?"

நடுவரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"ஐயையோ, அது தமாஷ்! நடுவரே தீர்ப்புச் சொல்லிட்டாரே, இயற்கைன்னு. உங்களுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை."

"அது சிரிப்புக்குச் சொன்ன தீர்ப்பு சார். எம்மவ பொய் சொல்ல மாட்டா."

செக்ரட்டரி நடுவரின் இலையைப் பார்த்தார். அங்கே சோறு இன்னும் குன்றாக இருந்தது. எழ வழியில்லை. மாமி முந்தானையால் விசிறிக்கொண்டே, கணவரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஏன்னா, உங்க வாயால ஆரம்பிச்சது. உங்க வாயாலேயே முடிங்கோ. எனக்குக் கிர்ருங்கறது."

செக்ரட்டரி வாயைத் திறந்தார். பேச்சுக்காரர் அல்லவா, ஆரம்பித்துவிட்டால் நிற்காது. எச்சில் கையை மேலே தூக்கியபடியே பேசினார்.

"பெரியவரே, கரி போட்டது நீங்க. வாஸ்தவம். போடச் சொன்னது யாரு? அந்தக் கரிக்கு ஆர்டர் போட்டது எங்க ஆபீஸ் மாதிரி ஆபீஸ்கள். பர்ச்சேஸ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது என் மாதிரி ஆளு. அதுல ஓடின ஃபேக்டரிச் சரக்கு இல்லாத வீடு பம்பாய்ல உண்டா? அந்தச் சம்பளத்துலதானே எங்காத்து ஏசி, என் காரு, என் பையன் அமெரிக்கா போன டிக்கெட்டு? நீங்க தள்ளினது ஷவலால. நாங்க தள்ளினது பேனாவால. எரிஞ்சது எல்லாருக்காகவும். அதைக் கொண்டுபோய் ஒருத்தர் தலையில வெச்சா, அது அயோக்கியத்தனம்."

நான் சொதிக் கரண்டியோடு அப்படியே நின்றேன். என் அணிக்காக அன்றைக்கு மேடையில் நான் பேசியதையெல்லாம்விட இது நன்றாக இருந்தது. இந்த மனிதருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. மேடையில் நின்று சிரிப்பு மூட்டியபோதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அறியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ.

நடுவர் கண்ணை விரித்தார். "அப்படியென்றால் மனிதன்தான் காரணம் என்று ஒத்துக்கொள்கிறீர்களா?"

"முதல்ல ஏசியைப் போடச் சொல்லுங்கோ சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். செக்ரட்டரியைத் தவிர. ஒருவரைப் பார்த்து ஒரு வரிசையே சிரிக்கும்போது அந்த ஒருவர் எங்கே பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அவரும் தரையைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பாயசம்போலச் சொட்டு விடாமல் குடித்தேன்.

 அப்பா வேட்டி மடிப்பிலிருந்து ரிமோட்டை எடுத்தார். "வந்தவியளுக்கு வேர்க்கு. பாவம்" என்று போட்டார். குளிர்ந்த காற்று வாசலைத் தாண்டி வந்து அவர்கள் முதுகைத் தொட்டது. நடுவர் நிதானமாக மோர் சாதத்துக்குப் போனார்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் ஏசி அணைந்தது.

"யப்பா! அதான் அவரே சொல்லிட்டாருல்லா?"

"சொன்னாரு. நல்லாத்தான் சொன்னாரு. ஆனா இலைக்கு முன்னால, ஏழெட்டுப் பேரு கேக்கச் சொன்னாரு. அன்னைக்கு மைக்கிலலா சொன்னாரு? ஹாலு பூராம் சிரிச்சுதுல்லா? மைக்குல போன பேரு மைக்குலதான் திரும்பி வரணும்."

நான் அவரையே பார்த்தேன். இத்தனை நாளும் இவர் குற்ற உணர்வில் வேகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி அதுதான். மறுபாதி, என்னிடம் இருக்கிற அதே நெருப்பு. எங்கிருந்து எனக்கு வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பாத்திரங்களைத் துலக்கும்போது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

மழைக்கு முந்தைய கடைசிக் கூட்டம். நன்றி சொல்ல வேண்டிய கூட்டம். அதற்கு முந்தைய நாள் மாமி படிக்கட்டில் என் கையைப் பிடித்தார்.

"அவர் சொதியை மட்டும் புகழ்ந்துட்டு இறங்கிடலாம்னு பாக்கறார். நீ கவலைப்படாதே. சொல்லலைன்னா நான் எழுந்து நின்னு சொல்லுவேன். என்னையும்தான் காஸ் அடுப்போட சேர்த்து மைக்ல வெச்சார். நான் மறந்துட்டேன்னு நெனச்சிண்டிருக்கார்."

அதே ஹால். அதே முன்வரிசை. அப்பா, பக்கத்தில் மாமி. செக்ரட்டரி மைக்கைப் பிடித்துச் சொதியைப் புகழ்ந்தார். இஞ்சிப் பச்சடியைப் புகழ்ந்தார். நடுவரின் வேகத்தைக் கிண்டல் செய்தார், கைதட்டல் வாங்கினார். "ஆகவே, நன்றி கூறி…" என்று முடிக்கப் போனார். முன்வரிசையில் மாமி நாற்காலியைச் சற்றே பின்னால் தள்ளினார். தரையில் அது கீச்சிட்ட சத்தம் மேடை வரை போயிருக்க வேண்டும்.

அவர் நின்றார். கைக்குட்டையை எடுத்தார். ஏசி ஹாலில் வேர்த்தது.

"இன்னொண்ணு. அன்னிக்கு இந்த மேடையில நான் ஒரு பெரியவரைக் கைகாட்டிப் பேசினேன். கரி போட்டவர்தான் காரணம்னு. அது தப்பு. அவர் போட்டது எங்களுக்காக. சூடாக்கினது அவர் ஒருத்தர் இல்லை. இதோ, ஏசியில உக்காந்து அன்னிக்குச் சிரிச்சோமே, நாம எல்லாரும்தான். நான் முதல்ல."

பின்வரிசையில் ஒருவர், வழக்கமான தமாஷ் வருகிறது என்று நம்பி, சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பாதியில் சிரிப்பு தனியாக மாட்டிக்கொண்டது. சிரித்தவர்கள் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியை நான் அவசரப்படாமல் வரிசை வரிசையாகப் பார்த்தேன்.

"இருந்தாலும், இயற்கைக்கும் ஒரு பங்கு…" என்று அவர் விடாமல் தொடங்கினார். அதற்குள் நடுவர் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

 டாக்சி சயான் சிக்னலில் நின்றபோது அப்பா, வெளியே மழைக்குக் கனத்துக் கிடந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுக்குப் போனதும் மெசினைப் போடு. புழுங்குது."

போட்டேன். அவர் மூச்சு மெல்ல மெல்ல அறுப்பதை நிறுத்தியது. வெளியே எவன் நிற்கிறானோ என்று அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. எங்கள் ஜன்னலுக்கு வெளியே கொட்டப்படும் அந்தச் சூடு சந்தில் இறங்கி, குப்பை பிரிக்கிற யார் முதுகிலோதான் படுகிறது. அது என் பங்கு. அதை நான் எந்த மேடையிலும் மறுக்க மாட்டேன்.

ஆனால் செக்ரட்டரியை நான் மன்னிக்கவில்லை. மாட்டேன். ஏசி ஓட ஆரம்பித்ததும் தண்ணீர் பழையபடி அவர் கேலரியில் சொட்ட ஆரம்பித்தது. ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் தீர்ந்துவிடும். குழாய் வாங்கி வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. கீழே அவர் துணி உலர்த்துகிற கொடிக்கு நேராக, கஞ்சிச் சட்டையின் தோள்பட்டையில், டொக், டொக் என்று விழுகிற சத்தம் ஜன்னலைத் திறந்தால் இனிமையாகக் கேட்கிறது.

நேற்று வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்: 'உங்கள் ஏசித் தண்ணீர் மறுபடியும் எங்கள் கேலரியில் சொட்டுகிறது. உடனே கவனிக்கவும்.'

பதில் போட்டேன்: 'இயற்கையின் விளையாட்டு சார்.'